கன்றோடு விற்ற குரல்

ஒரு செவ்வாய்க்கிழமை, சந்தை உச்சத்தில் இருந்த நேரம், நான் ஒரு மயிலைக் காளையின் வாயைப் பிளந்து காட்டி, "நல்லாப் பாத்துக்க, நாலு" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் என்னை விட்டுப் போய்விட்டது. "பல்லு" என்ற சொல் பாக்கி நின்றது. ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அன்றைக்கு நானூறு ஜோடி மாடு இறங்கியிருந்தது, அவனவனுக்கு அவனவன் காளை.

நான் தரகு மலையாண்டி. ஆலாம்பட்டிச் சந்தையில் என்னைத் தெரியாத மனுசன் இருக்கலாம், மாடு கிடையாது. சாணி அள்ள வந்து, உதைபட்டு, மாட்டிடம் கொஞ்சமும் மனுசனிடம் நிறையவும் உதைபட்டு, தொண்டை ஒன்றை மட்டும் முதலாக வைத்துத் தரகனானவன். வடக்கு வாசலில் நின்று நான் ஒரு அதட்டுப் போட்டால் தெற்கு வாசலில் கட்டியிருக்கும் எருமை படுத்திருந்தாலும் எழுந்துகொள்ளும். அந்தத் தொண்டையைப் பார்த்துத்தான் மீரான் ராவுத்தர், சந்தைக்குப் பின்னால் கொட்டகை போட்டுப் படம் காட்டியவர், சாயங்கால ஆட்டத்துக்குக் கதை சொல்ல என்னைக் கூப்பிட்டார். அப்போதெல்லாம் படம் பேசாது. திரைக்குப் பக்கத்தில் பிரம்போடு ஒருத்தன் நின்று, இவர் ராஜா, இவர் மந்திரி, ராஜா கோபப்படுகிறார், ராணி அழுகிறாள் என்று சொல்ல வேண்டும். எல்லாருக்கும் அப்படித்தான் சொன்னேன். பம்பரம் கோதண்டத்துக்கு மட்டும் என்னை அறியாமல் 'நான்' என்று சொல்லிவிட்டேன்.

பம்பரம் கோதண்டம் பட்டணத்து நடிகன். முட்டிவரை தொங்கும் சட்டை, குச்சி குச்சியாகக் கை கால். யாராவது அறைந்தால் பம்பரம் மாதிரி மூன்று சுற்றுச் சுற்றி நிற்பான், நின்று, நம்மை ஒரு பார்வை பார்ப்பான், அப்புறம்தான் விழுவான். ஏழு படத்தில் ஏழு விதமாக விழுந்தவன், கிணற்றில், குதிரையிலிருந்து, கல்யாணப் பந்தலில் பாயசத்துக்குள். அவன் அறை வாங்கும்போதெல்லாம் நான் திரைக்குப் பக்கத்தில் நின்று, "அடப்பாவி, என்னை எதுக்குடா அடிக்கிறே? நான் உன் மாட்டுக்குப் பல்லு பாத்தனா, இல்ல பொண்டாட்டிக்குப் பல்லு பாத்தனா?" என்று என் குரலில் கத்துவேன். கொட்டகை கிழிந்துபோகும் சிரிப்பில். ஆனால் நான் சிரித்ததில்லை. எனக்குச் சிரிப்பு வராது, கோபம்தான் வரும். அந்தக் கோபத்தைக் கேட்டுத்தான் அவர்கள் சிரித்தார்கள்.

எந்த ஊரிலும் சிரிக்காத சிரிப்பு ஆலாம்பட்டியில் மட்டும் ஏன் என்று பார்க்க அவனே ஒருநாள் வந்துவிட்டான். கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தான். மறுநாள் சந்தைக்கு வந்து, காலை முழுக்க என் பின்னாலேயே சுற்றினான். அவன் வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது, எண்ணெய் விடாத கதவுக் கீல் பேசுவதுபோல ஒரு குரல்.

"அண்ணே, படம் இனிமே பேசப்போவுதாம்ணே" என்றான், கீச் கீச்சென்று. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் முகம் அதற்குச் செத்துப்போனதை நான் பார்த்தேன். பார்த்து எனக்கென்ன? வியாபார நேரம்.

எங்கள் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டோம். தரகன் கையின்மேல் ஒரு துண்டைப் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்துப் பேசுவோம். ஒரு விரல் இத்தனை, இரண்டு விரல் இத்தனை. ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து மணிக்கட்டை அழுத்தினால் 'கன்றோடு சேர்த்து' என்று அர்த்தம். பசுவிடம் பிறந்ததும் பிறக்கப்போவதும் எல்லாம் வாங்குகிறவனுக்கு. கை விட்டபின் தரகன், "முடிஞ்சது, ஓட்டிக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டால் அப்புறம் அப்பனே வந்தாலும் பேச்சு மாறாது. சந்தைச் சொல்.

அவன் என் துண்டுக்கடியில் கையை விட்டான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கோமாளி ஏதோ செய்யப்போகிறான் என்று. ஐந்து விரலையும் பிடித்தான். மணிக்கட்டை அழுத்தினான். அப்புறம் என் கையை மூன்று தரம் திருகினான். அப்படி ஒரு விலை எங்கள் சந்தையில் கிடையாது.

"எதைய்யா கேக்குறீங்க?" என்றேன். அவன் இன்னொரு கையால் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினான்.

கூட்டம் சிரித்தது. பட்டணத்து நடிகன், நம் ஊரில் வந்து நம்மை வைத்து வேடிக்கை காட்டுகிறான், நாமும் ஈடு கொடுக்க வேண்டாமா என்று, நான், ஒரு நொண்டிக் கன்றுக்குக்கூட மூன்று மணி நேரம் பேரம் பேசுகிறவன், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊர் கேட்கச் சொன்னேன்: "முடிஞ்சது, ஓட்டிக்கிட்டுப் போங்க!"

அவன் என் தோளில் கிடந்த தும்புக் கயிற்றை வாங்கினான். கயிற்றின் மறுமுனையில் ஒன்றுமில்லை. ஆனால் அவன் இழுத்துக்கொண்டு நடந்தபோது, பெரிதாக ஒன்று வர மறுத்து முரண்டு பிடிப்பதும், அதன் பின்னால் சின்னதாக ஒன்று துள்ளித் துள்ளி வருவதும், அவன் திரும்பி அந்தச் சின்னதைத் தட்டிக்கொடுப்பதும் எங்கள் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. தெற்கு வாசலில் நின்ற மாடுகள் ஒதுங்கி வழிவிட்டன. சந்தையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அன்றைக்கு நானும் கொஞ்சம் சிரிக்கப் பார்த்தேன், இந்த வாய்க்கு அது வரவில்லை.

ஆறு மாதம் கழித்து அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

சித்தரத்தை மென்றேன், அதிமதுரம் குடித்தேன், ஆடாதோடை இலையைக் கொதிக்கவைத்து ஆவி பிடித்தேன். தெரிந்த கெட்டவார்த்தை எல்லாவற்றையும் ஒன்றொன்றாகச் சொல்லிப் பார்த்தேன், ஒன்றாவது வந்துவிடாதா என்று. சாமி பேர்கள் சொல்லிப் பார்த்தேன். விற்ற காளைகளின் பேர்கள் சொல்லிப் பார்த்தேன். காற்றுதான் வந்தது. இன்னும் மூன்று மாதம் போனபின் ராவுத்தர் கொட்டகையில் எஞ்சின் வைத்து, சத்தம் வரும் பெட்டி கட்டி, முதல் பேசும்படம் போட்டார். ஊரே தரையில் குந்தியிருந்தது. பம்பரம் கோதண்டம் திரையில் வந்தான், வாயைத் திறந்தான், முதல் வார்த்தையாக "பல்லு" என்றான்.

என் குரலில்.

கொட்டகை முழுக்கத் தலைகள் என் பக்கம் திரும்பின. பிறகு முன்வரிசையிலிருந்து ஒருத்தன் சொன்னான்: "அட, அன்னைக்கு மிச்சம் வெச்ச பல்லு!" அவ்வளவுதான், எல்லாருக்கும் புரிந்துவிட்டது. கை தட்டினார்கள்.

மறுநாள் சந்தைத் தகரக் கொட்டகையில் ராவுத்தர் தலைமையில் பஞ்சாயத்து வைத்தேன். ஒரு தொண்டையிலிருந்த குரல் இன்னொரு தொண்டைக்கு எப்படிப் போகும் என்று ஒருத்தராவது கேட்டிருக்க வேண்டுமே? கேட்கவில்லை. வியாபாரம் செல்லுமா செல்லாதா என்பதுதான் பேச்சு.

"ஏன் மலையாண்டி, துண்டு போட்டியா இல்லையா?" என்றார் ராவுத்தர்.

தலையாட்டினேன்.

"முடிஞ்சதுன்னு சொன்னியா?"

கையை விரித்து, வேடிக்கைக்கு என்று காட்டினேன்.

"வேடிக்கைக்குச் சொன்னா அது வேற சொல்லா? நாளைக்கு ஒவ்வொருத்தனும் வித்த மாட்டை வேடிக்கைக்கு வித்தேம்பான். சந்தை நடக்குமா?"

"வெலை ஒண்ணும் வரலையே, பாவம்" என்றான் ஒருத்தன், என்மேல் இரக்கப்பட்டு.

"வராம என்ன? மூணு திருகு திருகினாருல்ல, அதான் வெலை. இவனுக்குப் புடிபடல, நாம என்ன செய்ய?"

எனக்கு வந்த கோபத்துக்கு ராவுத்தரை ஒரு தள்ளுத் தள்ளியிருப்பேன். எழுந்தேன். கால் தானாகத் திரும்பியது. மூன்று சுற்றுச் சுற்றினேன், நின்றேன், பஞ்சாயத்தை ஒரு பார்வை பார்த்தேன், விழுந்தேன்.

"பாத்தியா, வெலை வந்து சேந்துருச்சு" என்றார் ராவுத்தர். இவ்வளவு சிரிப்பு அந்தத் தகரத்துக்கு அடியில் அதற்கு முன் கேட்டதில்லை.

நியாயம் சொல்லுங்கள். பிழைப்பு போனது என்று சொல்ல மாட்டேன். துண்டுக்கடியில் பேசுகிறவனுக்கு வாய் எதற்கு, விரல் இருந்தது, அளவாகக் கஞ்சியும் இருந்தது. ஆனால் கோபம் போயிற்று. கோபம் வந்தால் சுற்றுவேன், சுற்றினால் சிரிப்பார்கள் என்று ஆனபின் அதைக் கோபம் என்று எவன் மதிப்பான்? "மாமா, ஒரு தடவ கோவப்படுங்க மாமா, மச்சான் ஊர்லேர்ந்து வந்துருக்கான்" என்று வீட்டு விருந்தாளியைக் கூட்டி வந்து காட்டினார்கள். என் தொண்டைக்குப் பயந்து என் காலடியில் கிடந்த ஊர்.

என் குரலோடு ஊர் சுமுகமாகப் பழகிக்கொண்டது. நான் விற்ற மாடுகள், அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுக் கைமாறியவை, ஆட்டம் தொடங்கினால் பத்து மைல் சுற்றுவட்டத்திலிருந்து கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து கொட்டகைக்கு வெளியே காதைத் தூக்கிக்கொண்டு நின்றன. ராவுத்தர் தண்ணீர்த் தொட்டி கட்டினார், வைக்கோல் போட்டார். மாடு காணாமல் போனால் இப்போது யாரும் திருடனைத் தேடுவதில்லை, "இன்னைக்குக் கோதண்டம் படமா?" என்று கேட்டுக்கொண்டு வந்து பிடித்துப் போனார்கள். முரட்டுக் காளையை ஏரில் பழக்க வேண்டுமென்றால் மூன்று ஆட்டத்துக்குக் கொட்டகை ஓரம் கட்டினார்கள்.

கோதண்டத்துக்குப் பட்டணத்தில் நடந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. முதல் பேசும்படத்தில் கதாநாயகன் அவனை அறைந்திருக்கிறான். இவன் சுற்றவில்லை, புளியமரத்து அடிமாதிரி நின்றிருக்கிறான். கதாநாயகன் கைதான் வீங்கியது. இன்னும் இரண்டு படத்தில் முயன்று பார்த்தார்கள். அவன் நகைச்சுவை பேசினால் பார்க்கிறவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல. கம்பெனிக்காரர்கள் யோசித்து, அவனுக்கு மீசை ஒட்டி ஊர்ப் பெரியவர் வேஷம் கொடுத்தார்கள். அதற்குப் பின் ஜமீன்தார், நீதிபதி, பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு வாசலில் நிற்கும் அப்பா. குணச்சித்திர நடிகர் என்று பத்திரிகை எழுதியது. பம்பரம் என்ற பட்டம் போய், குணசீலர் கோதண்டம் என்று போஸ்டர் ஒட்டினார்கள். அவர் பேச்சில் உழவனின் ஈரம் இருக்கிறது என்று எவனோ எழுதியிருந்தான். ஈரம்! அது என் எச்சில்.

இதையெல்லாம்கூட நான் விழுங்கிக்கொள்வேன். கன்றோடு சேர்த்து என்பதற்கு அர்த்தம் அப்போது எனக்கு முழுதாகப் புரியவில்லை. மூன்றாம் வருஷம் புரிந்தது.

எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் ஒரு பெண்பிள்ளை இருந்தது. நாலு வயசில் காய்ச்சலில் போய்விட்டது. புதைத்துவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது அவள் பின்வாசலில் செம்பில் தண்ணீரோடு நின்றாள், என் காலில் ஊற்ற. முகம் கோணிக்கொண்டு வந்தது. நான் சொன்னேன், வேறு யாரும் இல்லை, நானும் அவளும் அந்தச் செம்பும்தான்: "இந்தா, அழுவாத. நீ அழுதா அவ திரும்பிப் பாப்பா. திரும்பிப் பாத்தா வழி தவறிடும்." அவள் அழவில்லை. அன்றைக்கும் அழவில்லை, பிறகும் அழவில்லை. அந்த வார்த்தையை நான் மறுபடி யாரிடமும் சொன்னதில்லை.

குணசீலர் கோதண்டத்தின் படம். மகளைப் பறிகொடுத்த அப்பா வேஷம். அவன் குனிந்து காலைக் கழுவிக்கொண்டே, மனைவியாக நடித்த பெண்ணிடம் என் குரலில் சொன்னான்: "இந்தா, அழுவாத. நீ அழுதா அவ திரும்பிப் பாப்பா."

கொட்டகையில் பெண்கள் பக்கம் ஒரு சத்தம் எழுந்தது, ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் வாயில் முந்தானையை வைத்து அழுத்துவதுபோல. வெளியே மாடுகள் கத்தின. நான் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரி பூவாயி, ஆமாம், அவள் பேர் அதுதான், தரையில் மண்ணைப் பிராண்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பிள்ளை போன ஒன்பதாம் வருஷம்.

வீட்டுக்கு வந்ததும் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன், ஏன் என்று.

"நீங்க சொன்னப்ப அழக்கூடாதுன்னு இருந்துச்சு" என்றாள். "அங்க அந்தப் பொம்பள அழுதா. அதான் நானும் அழுதேன்."

நான் மூன்று சுற்றுச் சுற்றி அடுப்படியில் விழுந்தேன். அவள் ஒருத்திதான் சிரிக்கவில்லை. தாண்டிப் போய் உலையை வைத்தாள்.

அதன்பின் அவன் படம் எது வந்தாலும், எத்தனை நாள் ஓடினாலும், அவள் தினம் போனாள். எட்டு வருஷம். அவனுடைய குரலில், அதாவது என்னுடைய குரலில், நான் எங்கேயோ எப்போதோ யாரிடமோ சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. பெண் பார்க்க வந்த அன்று அவளிடம் கேட்டது, மாட்டுக்காரனிடம் சொன்ன பொய், சந்தை ஆபீஸ் வாசலில் கெஞ்சியது. அந்தக் குரல் பெற்றது எல்லாம் கன்று. அவளும் என்னை ஏமாற்றிவிட்டாள், உடம்பு இங்கேயும் காது அங்கேயுமாக வாழ்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்தக் குரலை மீட்டு அவளை மீட்பேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

பதினோராம் வருஷம் ராவுத்தர் கொட்டகையைப் பிரித்துவிட்டு ஓடு போட்ட தியேட்டர் கட்டினார். திறந்துவைக்க குணசீலர் கோதண்டம் வந்தார். செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல், சந்தை கூடியிருந்தது. காரிலிருந்து இறங்கியதும் மாலை, மேளம். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் எதிரில் நின்றேன். துண்டை எடுத்து என் வலதுகையின்மேல் போட்டு நீட்டினேன்.

துண்டு நீட்டினால் கை கொடுக்காமல் போகக் கூடாது, அது எங்கள் வழக்கம். அவன் கையை விட்டான். நான் ஐந்து விரலையும் பிடித்தேன், மணிக்கட்டை அழுத்தினேன். கன்றோடு. பிறகு மூன்று திருகு திருகினேன்: உன் விலையையும் நீயே எடுத்துக்கொள்.

அவன் கையை எடுக்காமல், ஊரைப் பார்த்து, என் குரலில் பேசத் தொடங்கினான்.

"மலையாண்டி அண்ணன் தங்கமான மனுசன். இந்தச் சந்தைக்கே தூணு." முதலில் புகழ்ந்தான். நான் அப்படித்தான் தொடங்குவேன். "ஆனா அண்ணே, உள்ளதச் சொல்றேன். வயசான குரலு. சுழி சரியில்ல. நீங்க வெச்சிருந்தவரைக்கும் இது என்ன செஞ்சுச்சு? மாட்டை அதட்டுச்சு, மனுசன வைஞ்சுச்சு. எங்கிட்ட வந்து நாடே அழுவுது." குறை சொன்னான். என் வழிதான். பிறகு கையை விட்டுவிட்டு மூன்றடி நடந்தான், திரும்பினான். அந்த மூன்றடியைக் கண்டுபிடித்தவனே நான். "ஊரு சொல்லட்டும்ணே. திருப்பிக் குடுன்னு ஊரு சொன்னா, இந்த நிமிசம் ஓட்டிக்கிட்டுப் போங்க."

நான் என் வாழ்நாளில் பேரத்தில் தோற்றதில்லை. என் குரலோடு நானே பேரம் பேச நேர்ந்ததும் இல்லை.

"அவரு சொல்றது நாயந்தானே" என்றார் ராவுத்தர். "ஆமா, நாயந்தான்" என்றார்கள். அந்தக் குரல் சொல்லி அவர்கள் எதை மறுத்திருக்கிறார்கள்? நான் தரகு பார்த்த இருபது வருஷமும் அதன் பேச்சைக் கேட்டுத்தானே மாடு வாங்கினார்கள்.

சுற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நின்று பார்த்தேன். சாணிக்குள் விழுந்தேன். ஊர் சிரித்தது. கோதண்டமும் சிரிக்கப் பார்த்தான், வாய் பிளந்தது, சிரிப்பு வரவில்லை. என் குரலில் அது எப்போது இருந்தது, வருவதற்கு?

அப்போது பெண்கள் பக்கமிருந்து பூவாயி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேரே அவன்முன் போய் நின்றாள்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு. எம்பேரு பூவாயி. அதை ஒரு தடவ சொல்லுங்க."

அவன் மாலையைச் சரிசெய்துகொண்டு, பெரிய மனுசச் சிரிப்புபோல உதட்டை இழுத்துக்கொண்டு, வாயைத் திறந்தான். கீச்சென்றது. தொண்டையைக் கனைத்தான். மறுபடி திறந்தான். எண்ணெய் விடாத கதவுக் கீல். முன்வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள், பழைய கோதண்டத்தைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் குரலில் அந்தப் பேர் இல்லை. இந்தா, ஏ புள்ள, இவளே, அங்க யாரு என்றுதான் நான் கூப்பிட்டிருக்கிறேன். கைமாறிய ஒவ்வொரு காளைக்கும் பேர் வைத்துக் கூப்பிட்டவன், தாலி கட்டிய நாளிலிருந்து அவளை ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சொல்லாத சொல்லை எப்படி விற்க முடியும்? அது என்னிடமே நின்றுவிட்டது, ஈனாத கன்றுபோல.

சாணியிலிருந்து எழுந்தேன். வாயைத் திறந்தேன்.

"பூவாயி."

கரகரத்து, துருப்பிடித்து, ஆனால் வந்தது. நானூறு ஜோடி மாடும் தலையைத் தூக்கின. மேளக்காரன் குச்சியைக் கீழே போட்டான். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், ஐயா. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப இது ஒங்ககிட்டதான் இருந்துச்சா?"

தலையாட்டினேன்.

"அந்தக் குரலு ஒரு நாளைக்காச்சும் எம்பேரைச் சொல்லிராதான்னு எட்டு வருசமா மண்ணுல குந்திக் கேட்டுக்கிட்டிருந்தேன். வெளிய போன கன்னுக்குட்டியத் தேடுறாப்புல." அவள் சத்தம் போடவில்லை. "வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டே சொல்லாம இருந்திருக்கீங்க."

எனக்கே தெரியாது, சொல்லிப் பார்க்கத் தோன்றவில்லை என்று சொல்ல வேண்டும். அதற்கு வேறு வார்த்தைகள் வேண்டும். என்னிடம் இருந்தது ஒன்று.

"பூவாயி" என்றேன்.

கீழே கிடந்த துண்டை எடுத்து, சாணியை உதறி, என் தோளில் போட்டாள். தெற்கு வாசலைப் பார்த்து நடந்தாள். மாடுகள் ஒதுங்கி வழிவிட்டன.

"பூவாயி!" என்று கத்தினேன், "பூவாயி! பூவாயி!", வடக்கு வாசலிலிருந்து கத்தினால் தெற்கு வாசலில் எருமை எழுந்துகொள்ளும் அதே தொண்டையால். ஊரே திரும்பிப் பார்த்தது.

அவள் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் வழி தவறிவிடும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.